வண்டி ரெடியாகட்டும்

அக்டோபர் 7, திங்கள்

சுகந்தி வந்திருக்கிறாள். வருவதாகப் போன்கூடச் செய்யவில்லை. திருப்பூரிலிருந்து இங்கே வடவள்ளி வரைக்கும் மாப்பிள்ளையின் ஜெர்மன் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம் வந்ததும் கேட்டைத் திறந்தேன். வாசல் சரிவில் ஏறும்போது காரின் முன்பகுதி சிமெண்டில் உராய்ந்து பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம். போர்டிகோவில் வந்து நின்றதும் முன்பக்கம் மெல்ல இறங்கியது. ஒட்டகம் முன்னங்காலை மடித்து உட்காருவதைப் போல இறங்கி, டயருக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லாமல் போய்விட்டது.

எனக்கு இந்தக் காரைப் பிடிக்காது. தெருவையே அடைத்துக்கொண்டு வரும். இப்போது என் போர்டிகோவை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வாசற்படிக்குப் போக நான் சுவரோடு ஒட்டி நடக்க வேண்டும்.

"ரெண்டு நாள் இருக்கேம்ப்பா" என்றாள். இந்த வெயிலில் முழுக்கைச் சுடிதார். காபி டம்ளரை இடது கையால் வாங்கினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"பீரோ கதவுல இடிச்சுக்கிட்டேன்."

சரி என்றேன்.

கேட்டைச் சாத்தினேன். எங்கள் கேட் பழைய இரும்பு. அடித்துச் சாத்தினால்தான் தாழ் விழும். எதிர்வீட்டுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, நிதானமாகத்தான் சாத்துவது வழக்கம். இதற்குக்கூட மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கிறவனுக்குக் கோபம் எதற்கு என்று தெரியவில்லை. ஆனால் வருகிறது. நேரில் வாயைத் திறந்தால் குரல் தழைந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலையில் நவநீதன் மாப்பிள்ளை பேசினார். சுகந்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

"மாமா, வண்டிய என்ன பண்ணி வெச்சிருக்கா அவ?"

"முன்னாடி இறங்கிடுச்சுங்க மாப்பிள்ளை. ஏதோ காத்து போயிருக்கும்போல."

"காத்து போயிருக்கும்போலயா? அது என்ன சைக்கிளுங்களா மாமா? வாரணாசிக்குப் போன வண்டி அது, ஒரு சத்தம் வந்ததில்ல. உங்க வாசல்ல ஏத்துனதும் போயிருச்சுன்னா என்ன அர்த்தம்?"

"சரிங்க மாப்பிள்ளை."

"சரிங்கன்னா ஆச்சா? ரெடி பண்ணுங்க. ரெடியானதும் அவளையும் அதுலயே ஏத்தி அனுப்பி வெச்சிருங்க. தீபாவளிக்குச் சொந்தபந்தமெல்லாம் வரும். அவ இல்லைன்னா அம்மாவுக்குப் பதில் சொல்லி மாளாது."

"சரிங்க மாப்பிள்ளை. வண்டி ரெடியானதும் அனுப்பறேன்."

அந்தப் பேச்சு முடிவதற்குள் எத்தனை 'சரிங்க' சொன்னேன் என்று நினைத்துப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுகந்தி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

செலவைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதப்போவதில்லை.

அக்டோபர் 9, புதன்

காரை ஏற்றிக்கொண்டு போகத் தட்டை லாரி ஒன்று வந்தது. டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்தச் சரிவில் இறக்கினால் முன்பக்கம் மொத்தமும் பெயர்ந்து வந்துவிடும் என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டான். ஆகவே மெக்கானிக்தான் இங்கே வர வேண்டும்.

போத்தனூரிலிருந்து டொமினிக் என்பவர் வந்தார். ஐம்பது வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய பேச்சு.

"புரொஃபசர் சார், கோயமுத்தூர்ல இந்த வேலைக்கு ரெண்டு பேருதான். ஒருத்தன் நான். இன்னொருத்தன் நான் சொல்லிக் குடுத்து வேலை கத்துக்கிட்டவன், அவன் சரியில்ல."

டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் காட்டினார். எல்லா வண்டியிலும் அந்த இடத்தில் ஸ்பிரிங் இருக்கும். இதில் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் என்கிற தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் பை, அதற்குள் காற்று. வண்டியின் எடை அந்தக் காற்றின்மேல் நிற்கிறது. ஒரு கம்ப்ரஸர் அதை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. முன்பக்கம் இரண்டு பையும் வெடித்துக் கிடந்தன.

"எங்கள் வாசலில் ஏறியதால் போயிருக்குமா?" என்று கேட்டேன். இரண்டு நாளாக எனக்குள் அதுதான்.

"வாசலா? இந்த வெடிப்பப் பாருங்க சார். ரொம்ப மாசத்துக் கதை. ராத்திரியில இறங்கியிருக்கும். காலைல ஸ்டார்ட் பண்ணா கம்ப்ரஸர் தூக்கி நிறுத்திரும். வெளிய பாக்கறவனுக்கு வண்டி கம்பீரமா நிக்கும். வீட்ல வெச்சிருக்கறவனுக்கு மட்டும் தெரியும்."

பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார், தன் சொந்த வண்டி மாதிரி. "இதப் பாருங்க. அடிச்சுச் சாத்தவே வேண்டாம். பக்கத்துல கொண்டுபோய் விட்டீங்கன்னா தானா இழுத்துக்கும். விரல்ல தொட்டாப் போதும். ராஜா வண்டி சார்."

உள்ளே திரையில் சிவப்பில் எச்சரிக்கை எரிந்தது: வண்டி தாழ்ந்திருக்கிறது, ஓட்டாதே. அதைப் பார்த்தவர் வாசலில் நின்ற சுகந்தியைப் பார்த்தார். அவளது கையையும் பார்த்தார்.

"மேடமா ஓட்டிட்டு வந்தாங்க? இந்தக் கையோடயா?"

"ஒரு கையில ஓட்டலாம், ஆட்டோமேட்டிக்தானே" என்றாள்.

டொமினிக் டார்ச்சை அணைத்துப் பைக்குள் வைத்தார். டீ கொடுத்தேன். இரண்டு ஸ்ட்ரட்டும் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளை சுகந்தியை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். இதை நான் திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டும்.

அக்டோபர் 10, வியாழன்

எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் இரண்டு எலும்பிலும் விரிசல். மாவுக்கட்டு போட்டாயிற்று.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பீரோ கதவு."

டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான்தான் செய்தேன் என்பதுபோல ஒரு பார்வை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் ஏன் தலையைக் குனிந்தேன்?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காருக்குப் பொட்டு வைக்கச் சொல்லிச் சம்பந்தியம்மா போனில் சொன்னார். மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் காருக்கு, கதவுகள் உட்பட, சந்தனம் குங்குமம் வைத்தேன். கை கூசியது. வைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மிக்ஸி ஜாரின் அடி கழன்றுவிட்டது. துணி உலர்த்தும் கம்பியை மேலே கட்டினேன், சுகந்தி ஒரு கையால் துணி போட வசதியாக. பிறகு அது அவளுக்கு எட்டவில்லை என்று கீழே இறக்கினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள்.

"வண்டி ரெடியானா நானும் போகணுமாப்பா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது அப்பா என்றால் அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லியிருப்பார். "மொதல்ல வண்டி ரெடியாகட்டும்" என்றேன்.

அவள் இடது கையால் சாதத்தைப் பிசைந்து, ஸ்பூனால் தின்றாள்.

ஆடி மாதமும் வந்திருந்தாள். அப்போது கார் நன்றாக ஓடியது. மாலையே திரும்பிவிட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

எதிர்வீட்டு அம்மா கேட்டார்கள்: "பொண்ணு தீபாவளிக்கு முன்னாடியே வந்துட்டாளாட்டம் இருக்குதுங்?" கார் ரிப்பேர் என்று சொன்னேன். உண்மைதான். உண்மையைச் சொல்லிவிட்டு ஏன் வியர்த்தது?

அக்டோபர் 17, வியாழன்

ஸ்ட்ரட்டுகள் வந்துவிட்டன. டொமினிக் காலையிலேயே வந்து காரை ஜாக்கியில் ஏற்றினார். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. வலது பக்கத்தை இன்றே முடித்துவிட்டார். பானெட்டைத் திறந்து மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட், காற்றுக் குழாய், ஒரு மின்சாரச் சொருகி. பழையதை உருவும்போது ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பழைய ஸ்ட்ரட்டைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"எனக்கு எதற்கு?"

"பழசக் கஸ்டமர் கையில குடுத்துரணும் சார். இல்லைன்னா மாத்தவே இல்லைன்னு சொல்லுவான். டிக்கியில போட்டு அனுப்பிருங்க."

மாலை நவநீதன் மாப்பிள்ளை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க மாமா. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி எலுமிச்சம்பழத்து மேல தரையில நிக்கணுமாம், அம்மா சொல்றாங்க. இல்லைன்னா மறுபடியும் வம்பு. நானே வீடியோவுல வர்றேன்."

"சரிங்க மாப்பிள்ளை."

அக்டோபர் 18, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். ஆத்திரமாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் நிச்சயமில்லை.

டொமினிக் இடதுபக்க ஸ்ட்ரட்டையும் மாட்டி முடித்துவிட்டார். இனி மிச்சம் காற்று நிரப்புவது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பையில் காற்று ஏற வேண்டும். பிறகுதான் தரையில் இறக்க வேண்டும். ஒரு சின்னக் கருவியைக் காரோடு இணைத்துக் கம்ப்ரஸரை ஓடவிட்டார். வலது பை நிரம்பியது. இடது பை நிரம்பத் தொடங்கும்போது கம்ப்ரஸர் நின்றுவிட்டது.

"சூடாயிருச்சு சார். பாவம், அத்தன மாசம் ஓட்டைப் பையை நிரப்பி நிரப்பிக் களைச்சுப் போச்சு. ஆறட்டும். தானா வரும்."

அந்நேரம் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் மாப்பிள்ளை, பக்கத்தில் சம்பந்தியம்மா, நெற்றி மட்டும் தெரிந்தது. நான் போனைக் கார் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க அண்ணா, இன்னும் தொங்கிட்டே கெடக்குது?" என்றார் சம்பந்தியம்மா.

"கம்ப்ரஸர் சூடாயிடுச்சுங்க. கொஞ்ச நேரம் ஆகும்."

"பத்தரை ஆகப்போகுதுங்கண்ணா! நல்ல காரியத்துக்கெல்லாம் போற வண்டி. மொதல்ல கீழ எறக்குங்க, காத்தெல்லாம் அப்பறம் அடிச்சுக்கலாம்."

டொமினிக் காதில் அது விழுந்தது. "எனக்கு ராகு காலம் கிடையாதுங்கம்மா. கம்ப்ரஸருக்குத்தான் இப்ப ராகு காலம்" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு என்னிடம், சிரிப்பில்லாமல்: "சார், பையில காத்து இல்லாம எடைய ஏத்துனா ரப்பர் தப்பா மடிஞ்சுக்கும். அப்பறம் காத்து ஏறுறப்ப மடிப்புலயே கிழிஞ்சிரும். புதுசு சார். வேண்டாம்."

"மாமா, யாரு வண்டி அது? மெக்கானிக் வண்டியா?" என்றார் மாப்பிள்ளை. "எறக்கச் சொல்லுங்க. சொல்லுங்க மாமா."

எனக்குத் தெரியும். காற்றழுத்தம், கொள்ளளவு, மடிந்த சுவர் எப்படிக் கிழியும் என்பதெல்லாம் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். தெரிந்துதான் சொன்னேன்.

"இறக்கிடுங்க டொமினிக்."

"சார்."

"பரவாயில்லை. இறக்கிடுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜாக்கியைத் தளர்த்தினார். எலுமிச்சம்பழங்களின் மேல் சக்கரங்கள் இறங்கின.

"நசுங்குச்சுங்களா அண்ணா?"

"நசுங்கிடுச்சுங்க."

"முருகா" என்றார் சம்பந்தியம்மா. போன் அணைந்தது.

கம்ப்ரஸர் ஆறியபின் காற்று ஏற்றினோம். இடதுபக்கம் கொஞ்சம் எழுந்தது. பிறகு குக்கர் வெடித்தாற்போல ஒரு சத்தம். கார் இடப்பக்கம் சரிந்து, நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் மேல் மறுபடியும் உட்கார்ந்தது.

டொமினிக் கைத்துணியைத் தரையில் வீசினார். "என் கையில மாட்டின பார்ட் இப்படிப் போனதே இல்ல சார். போத்தனூர் பூரா சிரிப்பான்." திட்டியிருக்கலாம். திட்டவில்லை. இடதுபக்கத்துக்கு இன்னொன்று வரவழைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளைக்குச் சொன்னேன். "ஃபிசிக்ஸ் புரொஃபசர்! உங்க காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தீங்களாக்கும்?" என்றார். இறக்கச் சொன்னதே அவர்தான் என்பது அவருக்கு நினைவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

பயத்தால் சொன்னேன். அவ்வளவுதான். என் அறிவை ஒரு போன் திரைக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

காலையில் சுகந்தி காபி கொண்டுவந்தாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

"வேணும்னேதானேப்பா எறக்கச் சொன்னீங்க?"

"என்ன?"

"காத்து இல்லாம எறக்கினாக் கெட்டுப்போகும்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கு ப்ளஸ் டூல வீட்ல நீங்கதானே அந்தப் பாடமெல்லாம் நடத்துனீங்க, பலூனும் சைக்கிள் ட்யூபும் வெச்சு. நான் பாத்துட்டே இருந்தேன், ஜன்னல்ல இருந்து. உங்க முகத்துல ஒண்ணுமே இல்ல. அப்படியே கல்லு மாதிரி. எவ்ளோ கெட்டிக்காரர்ப்பா நீங்க. நான் போகக் கூடாதுன்னுதானே?"

இல்லையம்மா, பயந்துபோய்ச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் காபியை வைத்துவிட்டு என் தோளில் இடது கையை வைத்தாள். என் வாழ்நாளில் யாரும் என்னைத் தைரியசாலி என்று நினைத்ததில்லை. இவள் நினைத்துவிட்டாள். அதை மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பீரோ கதவு இல்லை.

மாலையில் அவளே சொன்னாள், கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் எதிரில் உட்கார்ந்து. நான் நிமிர்ந்து பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் தேதி யாரோ வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். குழந்தையில்லாதவள் முன்னால் வந்து நிற்காதே என்று மாமியார் ஏதோ சொல்ல, இவள் நான் வரவில்லை என்றிருக்கிறாள்.

"ஏறுன்னாருப்பா. ஏறல. கார்க் கதவைப் பிடிச்சுட்டு நின்னேன். சாத்திட்டாரு."

"தெரியாமல் சாத்தியிருப்பாரோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னப் பாத்துட்டேதான் சாத்துனாரு. அந்தக் கதவ அடிக்கவே வேண்டாம்ப்பா. தொட்டாப் போதும், அதுவே இழுத்துக்கும். அன்னிக்கு அடிச்சாரு."

கத்தி விரலில் பட்டுவிட்டது. சிறிய காயம்தான்.

அந்தக் கதவு இப்போது என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. பதினோராம் தேதி நான் அதற்குப் பொட்டு வைத்தேன். எழுந்துபோய் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். சந்தனம் போகிறவரைக்கும் துடைத்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் கம்மியது. நான் அங்கே என்ன பேசுவேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

"என்கூடப் படிச்ச மலர்க்கொடி இப்ப வக்கீல். நேத்தே பேசிட்டேன். அத நான் பாத்துக்கறேம்ப்பா. நீங்க வாசல மட்டும் பாத்துக்கங்க."

அக்டோபர் 22, செவ்வாய்

இந்தக் கார் என் வீட்டை விட்டுப் போக வேண்டும். அது போக வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும். டொமினிக்குக்குப் போன் செய்து அவசரப்படுத்தினேன். "என்ன சார், போன வாரம் இந்த வேகம் இல்லையே" என்றார்.

மாப்பிள்ளையும் பேசினார். எப்போது ரெடியாகும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். அவளைத் துணிமணியை எடுத்துவைக்கச் சொல்லுங்க என்றார். அதற்குச் 'சரிங்க' சொல்லவில்லை. வேறு ஒன்றும் சொல்லவுமில்லை. அவர் கவனிக்கவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

டொமினிக் பத்து மணிக்கே வந்துவிட்டார். உள்ளே உட்காரவைத்து இட்லி கொடுத்தேன். பத்தரை தாண்டியதும், "இப்போது ஆரம்பியுங்கள்" என்றேன்.

"ராகு காலமாச்சே சார்."

"அதனால்தான்."

வயிறு குலுங்கச் சிரித்தார். கிழிந்துபோன புது ஸ்ட்ரட்டைக் கழற்றி, வரவழைத்த இன்னொன்றை மாட்டினார். கம்ப்ரஸர் இரண்டு முறை சூடாகி நின்றது. இரண்டு முறையும் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது ஆறும்வரை காத்திருந்தோம். சுகந்தி மோர் கொண்டுவந்தாள். பை முழுவதும் நிரம்பி, உப்பி, டொமினிக் கையால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டிய பிறகே ஜாக்கி இறங்கியது.

கார் நின்றது. நிமிர்ந்து, மட்டமாக நின்றது. "நான் தொட்டா வண்டி எந்திரிச்சு நிக்கும்" என்று டொமினிக் தம் கையைத் தாமே முத்தமிட்டுக்கொண்டார்.

போகும்போது கேட்டருகில் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "மேடம் போறாங்களா சார்?"

"வண்டி போகிறது" என்றேன்.

அக்டோபர் 26, சனி

நாளைக் காலை மாப்பிள்ளை தாமே வருகிறார். என்ன பேச வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். முதலாவது, மருத்துவரின் கருத்து. இரண்டாவது, சட்டப்படி அவளுக்குள்ள உரிமை. மூன்றாவது, என் வருத்தம். மூன்றாவதை அடித்துவிட்டு 'என் கண்டனம்' என்று போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியத்திலேயே "தயவுசெய்து" வந்துவிட்டது. கண்ணாடியில் தெரிந்தவனை அறையலாம் போலிருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

ஒரு டிரைவரோடு வேறு காரில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வரவில்லை. காபி வேண்டாம் என்றார். வண்டியைச் சுற்றி நடந்து, பானெட்டின் மூலையைக் கையால் அழுத்திப் பார்த்தார். சரிவில் உராய்ந்த கீறலைத் தடவிப் பார்த்து உச்சுக் கொட்டினார். டிக்கியைத் திறந்தார்.

"இது என்ன மாமா குப்பை?"

செய்தித்தாளில் சுற்றிய மூன்று ஸ்ட்ரட்டுகள்.

"பழைய பார்ட்ஸ் மாப்பிள்ளை. உங்களோடது."

சாவியை வாங்கி ஸ்டார்ட் செய்தார். பிறகு இறங்கிவந்து இடதுபக்க முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். சுகந்தி வாசற்படியில் நின்றாள், மாவுக்கட்டு போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு. அவர் பார்வை அந்தக் கைப் பக்கம் போகவில்லை.

"ஏறு."

அவள் அசையவில்லை.

நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தேன். துணிச்சலால் அல்ல. மாற்றுச் சாவியைக் கொடுக்கப் போனவன், கால் நகராமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

"வழி விடுங்க மாமா. வண்டி ரெடியானா அனுப்பறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நேற்று எழுதியதில் ஒரு வரிகூட வரவில்லை. மருத்துவர், சட்டம், கண்டனம் எல்லாம் எங்கோ போய்விட்டன.  வந்தது இதுதான்:

"வண்டி மட்டும்தான் மாப்பிள்ளை ரெடி."

"என்னது?"

"வண்டி மட்டும்தான் ரெடி. எடுத்துட்டுப் போங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை என்று நினைத்தேன். அவருக்குக் கேட்டுவிட்டது. முகம் சிவந்தது.

"ஓகோ. புரொஃபசருக்கு வாய் மொளைச்சிருச்சா? இத்தன வருசம் சரிங்க சரிங்கன்னுட்டு? எத்தன நாளைக்கு வெச்சுச் சோறு போடுவீங்க? உங்களுக்கு அப்பறம் யாரு பாப்பா இவள? நாலு பேரு காறித் துப்புவான் மாமா. ஏய், நீ வாடி இங்க!"

"எங்கப்பாதான் சொல்லிட்டாருல்ல" என்றாள் சுகந்தி, படியிலிருந்தே. அமைதியாகச் சொன்னாள்.

எதிர்வீட்டு மாடியில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. மாப்பிள்ளை இன்னும் கதவைப் பிடித்திருந்தார். அந்தக் கையைப் பார்த்தேன். எனக்குள் இருபது நாளாக இருந்தது அத்தனையும் தொண்டைக்கு வந்தது. ஆனால் கத்தவில்லை. கத்த எனக்குத் தெரியாது. வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்:

"கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை. மெதுவாச் சாத்துங்க. அதை அடிக்க வேண்டாம். தொட்டால் போதும், அதுவே இழுத்துக்கும்."

அவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு முதல் முறையாக அந்த மாவுக்கட்டைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை அவர் என் கண்ணைப் பார்த்து முதலில் பார்வையை விலக்கியதில்லை. இன்று விலக்கினார்.

கதவை விட்டார். அது ஓசையில்லாமல் தானே மூடிக்கொண்டது.

சுற்றிவந்து ஏறி, பின்னோக்கி எடுத்தார். சரிவில் கார் இறங்கியது. அடியில் எதுவும் உராயவில்லை. நல்ல வேலை செய்திருக்கிறார் டொமினிக். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூட வந்த காரும் பின்னாலேயே போயிற்று.

 கேட்டின் இரண்டு கதவையும் சேர்த்தேன். வழக்கம்போலத் தூக்கிப் பிடிக்கக் கை போயிற்று. எடுத்துவிட்டேன். ஒரு அடி பின்னால் வந்து, என் பலம் முழுவதையும் போட்டு அடித்துச் சாத்தினேன். தெருவே அதிர்ந்தது. தாழ் விழுந்தது.

எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும்.